அலுமாரிக்குள் கிடந்த ரேந்தை

“இது சோதினைக்கு வருமா?”

நான் கத்தரிக்கோலையோ தூரிகையையோ கையில் எடுத்தால் உம்மா கேட்கும் முதற்கேள்வி இதுதான். உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கும் எனக்கே இந்தக் கேள்வி என்றால், கணிதப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவிலும் இருக்கும் தோழியரின் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. கேட்பதில் பிழையும் இல்லை. பிள்ளைகளின் நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. ஆனால் சென்ற வருடம் நான் செய்த ஒரு சுவர்ச்சீலை, அந்தக் கேள்விக்கு நானும் உம்மாவும் எதிர்பாராத ஒரு பதிலைக் கொண்டு வந்தது. அதை எழுதுவதானால் நான் செய்த பிழையையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைகளில் ‘வோல் ஹேங்கிங்’ என்பார்கள். நான் சுவர்ச்சீலை என்றே எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் சுவரில் உருவப்படங்கள் மாட்டும் வழக்கம் குறைவு. அரபு எழுத்தணியும் கஃபாவின் படமும் இருக்கும். மற்றைய சுவர் வெறுமையாக இருக்கும் அல்லது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூ ஒன்று தூசு படிந்து தொங்கும். அந்த வெறுஞ்சுவருக்கு ஏற்றது பூவும் கோடும் அலையுமாக, துணியில் நாமே செய்யும் ஓர் அலங்காரம் என்பது என் எண்ணம். பாடசாலைக் கண்காட்சிக்குக் ‘கலப்பு ஊடகம்’ என்ற பிரிவில் ஏதாவது செய்து வரும்படி ஆசிரியை சொன்னபோது, கடலைச் செய்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். துணி, பசை, வர்ணம், ரேந்தை. தட்டையாக வரைந்த கடல் எனக்கு வேண்டாம். விரலால் தடவினால் அலை தட்டுப்பட வேண்டும்.

அடித்துணிக்குப் பழைய யன்னல் திரைச்சீலை ஒன்றை எடுத்தேன். தடித்த பருத்தி. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் பாதியளவு தண்ணீர் கலந்து முதலில் துணி முழுவதும் பூசினேன். மெல்லிய டிசுத் தாளைக் கையால் கசக்கி, விரித்து, மீண்டும் கசக்கி, ஈரப் பசையின் மேல் வைத்து அமர்த்தினேன். காய்ந்ததும் அது சுருக்கம் விழுந்த தோல்போல் இறுகிவிட்டது. கரைப் பகுதிக்குக் கழுவிக் காயவைத்த மணல் கொஞ்சம், பாறைக்குச் சாக்குத் துணியின் பிரிந்த நூல். அதன்மேல் நுரைக்கு ரேந்தை.

இங்கேதான் முதற்சறுக்கல். யார் கணக்கில் வாங்கிய புது ரேந்தை பளபளவென்று இருந்தது. பழுப்பு நிறம் ஏற்றலாம் என்று கடுந்தேயிலைச் சாயத்தில் ஓரிரவு ஊறப் போட்டேன். காலையில் எடுத்துக் கழுவினால் பழையபடி வெள்ளை. பசை வைத்து ஒட்டினேன். காய்ந்த பின் ஒரு முனையை இழுத்தால் முழுவதும் நாடாப்போல் கழன்று வந்தது. எங்கள் வீட்டிலேயே இருக்கும் உம்மம்மா இதைப் பார்த்துவிட்டு, ரேந்தையிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினார். அது சுருண்டு உருகி, கடுகளவு கடின மணியாய் நின்றது.

“இது பொலியெஸ்டர், மகள். பருத்தியென்டா கடதாசி எரிற மணம் வரும், சாம்பலாப் பொய்த்துடும்.”

சாயமும் பசையும் ஏறாத காரணம் விளங்கியது. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சும். பொலியெஸ்டர் அதைத் தன்மேல் உட்கார மட்டுமே விடும். ஆகவே எனக்குப் பருத்தி ரேந்தை வேண்டும். கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

உம்மாவின் அலுமாரியின் மேல்தட்டில், பூச்சி உருண்டை போட்டு வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பெருநாளைக்கு முன் அலுமாரி துப்புரவாக்கும்போது வெளியே வரும், தட்டுத் துடைத்ததும் உள்ளே போகும். அதற்குள் மூன்று விரல் அகலத்தில், இரண்டு யார் அளவில் பழுப்பேறிய ரேந்தை ஒன்று இருந்தது. யாரும் பாவிக்காத பழைய சாமான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் “வேணாம்” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது என்பதை ஒளிக்கக்கூடாது. ஏழு துண்டாக வெட்டினேன்.

வேலை என்னவோ அற்புதமாகத்தான் வந்தது. அந்த ரேந்தை பசையைக் குடித்து டிசுத் தாளோடு ஒன்றாகிவிட்டது. முழுவதற்கும் கருநீல அக்ரிலிக் பூசினேன். ரேந்தையும் மணலும் சுருக்கமும் எல்லாம் ஒரே நீலத்துக்குள் மறைந்து போயின. பழக்கமில்லாதவர் இந்தக் கட்டத்தில் பயந்துவிடுவார். நானும் பயந்தேன். மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு, தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, பழந்துணியில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய வர்ணமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து, துணியின் மேலாக மெல்ல இழுத்தேன். மேடான நூல்களில் மட்டும் வெள்ளை பிடித்தது. பள்ளங்கள் நீலமாகவே நின்றன. ரேந்தையின் ஒவ்வொரு முறுக்கும், ஒவ்வொரு துவாரமும், பூவின் நடுவிலிருந்த சிறு வலையும் கண்ணுக்கு முன்னால் மேலெழுந்து வந்தன. அலுமாரிக்குள் எத்தனையோ முறை பார்த்த ரேந்தையில் ஒரு பூ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உம்மா கண்டதும் பேச்சு மூச்சில்லை. பிறகு அழுதார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். உம்மம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து, நுரையை விரலால் தடவிப் பார்த்தார்.

“அலை இப்பிடி வெள்ளையா வரல்ல. அண்டைக்கு வந்தது கறுப்பு” என்றார்.

எங்கள் உம்மம்மா காலியைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டின் முன்பகுதியோடு போன சாமான்களில் ஒரு தலையணையும் இருந்தது. படுக்கும் தலையணை அல்ல, ரேந்தை பின்னும் தலையணை. உருளையாகத் தைத்து, தும்பு இறுக்கி அடைத்து, மரச்சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதோடு பீரலு என்னும் மரக்கட்டைகளும், குத்திய அட்டைகளும் போயின. அதன் பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார், பின்னவும் இல்லை. 2001இல் உம்மாவின் கலியாணத்துக்குத் தலையணை உறையில் தைக்கவென்று பின்னி, தைக்காமல் மிச்சமாகி எங்கள் ஊருக்கு வந்ததால் தப்பிய இரண்டு யார்தான் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது. உம்மம்மாவின் கைவேலையில் மிஞ்சியது அவ்வளவே.

இதில் ஒரு சொல்கூட எனக்கு அதற்கு முன்பு தெரியாது. பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

அன்றிரவு உம்மம்மா சொல்லச் சொல்லத்தான் அந்த வேலையின் கணக்கை அறிந்தேன். மாதிரி முதலில் கட்டமிட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரையப்படும். அதை அட்டையில் ஊசியால் குத்தித் தலையணையில் சுற்றுவார்கள். ஒவ்வொரு பீரலுவிலும் நூல் சுற்றியிருக்கும். அவை சோடி சோடியாகத்தான் நகரும். குறுக்கே போடுவது, முறுக்குவது என்ற இரண்டு அசைவுகளே அடிப்படை. புள்ளி வரும் இடமெல்லாம் குண்டூசி குத்தி நூலை நிறுத்த வேண்டும். நான் வெட்டிய ரேந்தைக்கு இருபத்துநான்கு சோடியாம். அப்படியென்றால் நாற்பத்தெட்டு நூல், நாற்பத்தெட்டுக் கட்டை, எதுவும் இடம் மாறக்கூடாது. காலை வேலை முடித்து ளுஹர் பாங்கு வரை இருந்தாலும் ஒரு சாண் நிறையாது என்றார். இரண்டு யாருக்கு எட்டுச் சாண். நான் அதை வெட்ட எடுத்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

தென்கரையில் காலி, வெலிகம, திக்வெல்லப் பக்கங்களில் இன்றைக்கும் பீரலு பின்னுகிறார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த வேலை என்பது வழக்கு. ‘ரேந்தை’ என்ற சொல்லும் அவர்களுடைய ‘ரெண்டா’தான். ஒரு சின்ன விசயம்: ரேந்தையை வைத்துப் பூட்டிய அலுமாரியும், பூட்டிய சாவியும், ஏறி நின்று எடுத்த கதிரையும்கூடப் போர்த்துக்கேயச் சொற்களே. கரைக்கு வந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். சொல்லையும் வேலையையும் எங்கள் பெண்கள் கைவிடவில்லை. உம்மம்மாவுக்கு இதைப் பழக்கியவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர். இருவருமாக ஒரே திண்ணையில் தலையணைகளை வைத்துக்கொண்டு, ஒருவரின் மாதிரி அட்டையை மற்றவர் வாங்கிக் குத்திப் பின்னுவார்களாம்.

பெற்றோரிடம் நான் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. பெறுமதியான பழைய சாமானைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பூட்டுத்தான் ரேந்தையைக் காப்பாற்றாமல் விட்டது. அது யாருடைய கை, எத்தனை நாள், எங்கிருந்து தப்பி வந்தது என்று ஒருமுறை சொல்லியிருந்தால் என் கத்தரி அதில் பட்டிருக்காது. ஆண்டுக்கொருமுறை வெளியே எடுத்து, பூச்சி உருண்டை மாற்றி, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே வைத்த பொருள் பிள்ளைகளின் கண்ணில் பழந்துணியாகவே இருக்கும். உம்மாவிடம் இதைச் சொன்னேன். “சொன்னா கேக்க உனக்கு நேரமா ஈந்திச்சி? டியூஷன்ட்டு ஓடினே” என்றார். அதுவும் உண்மைதான்.

அதே நேரம், இனிமேல் பழைய ரேந்தையை யாரும் தொடவே கூடாது, கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வைக்க வேண்டும் என்ற கட்சியிலும் நான் இல்லை. என் தோழி ஒருத்தி அப்படித்தான் வாதிட்டாள். பருத்தி நூலுக்கும் வயது உண்டு. மடித்த மடிப்பிலேயே வருடக்கணக்காகக் கிடந்தால் அந்த மடிப்பில் நூல் நைந்து அறும். நான் வெட்டும்போதே இரண்டு இடத்தில் மடிப்பு பொரிந்து கையோடு வந்தது. இன்னும் பத்து வருடம் அலுமாரியில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. சுவரில் எல்லோரும் பார்க்கத் தொங்குவது அதைவிட மோசமான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. உம்மம்மாவிடமே கேட்டேன். “கேட்டீந்தா பாதி தந்தீப்பன்” என்றார். பாதி. அந்தப் பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாதியை வெட்டலாம், பாதியை முழுசாக வைத்திருக்கலாம், முதலில் கேட்க வேண்டும்.

கேட்டிருந்தால் வேறு வழிகளையும் அவர் சொல்லியிருப்பார். ரேந்தையை ஒட்டாமலே அதன் வடிவத்தை எடுக்கலாம். துணிமேல் விரித்துக் குண்டூசியால் அசையாமல் நிறுத்தி, ஸ்பொஞ்சில் மிகக் குறைவாக வர்ணம் தொட்டு மேலிருந்து நேராக ஒற்றி எடுத்தால், துவாரங்களின் வழியே வர்ணம் இறங்கிப் பூ துணியில் பதிந்துவிடும். வர்ணம் அதிகமானால் அடியில் கசிந்து பூ மொத்தையாகிவிடும் என்பதில்தான் கவனம் வேண்டும். இதற்கு யார்க்கணக்கில் வாங்கும் பொலியெஸ்டர் ரேந்தையே மேல். ஈரம் குடிக்காது, கழுவி மீண்டும் பாவிக்கலாம். எனது முதற்சறுக்கலில் குப்பைக்குப் போக இருந்த ரேந்தை இப்போது இந்த வேலைக்குத்தான் உதவுகிறது.

தோழியரே, உங்களிடமும் ஒரு குறை சொல்ல இருக்கிறது. கண்காட்சிகளில் நாம் வைக்கும் பொருட்களில் எத்தனை நாம் செய்தவை? முதல்நாள் இரவு உம்மாவும் சாச்சியும் இருந்து ஒட்டியவை, கடையில் வாங்கி விலைத்துண்டைக் கழற்றியவை, காணொளியைப் பார்த்து அப்படியே பார்த்தெழுதியவை. மினுக்கும் பசையைக் கொட்டினால் எந்தப் பிழையும் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு. என்னைத் தவிர்த்து இதை எழுதவில்லை. ஒன்பதாம் தரத்தில் நான் பரிசு வாங்கிய பூச்சாடி ராத்தாவின் கைவேலை. அது எனக்கு எதையும் பழக்கவில்லை. இந்தச் சுவர்ச்சீலைக்குப் பரிசு கிடைக்கவில்லை. பசையும் வர்ணமும் காய்ந்து இழுத்ததில் ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. மேலே தும்புத்தடியின் கம்பைக் கொடுத்துத் தைத்த நான், கீழே பாரத்துக்கு ஒரு கம்பு கொடுக்க வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. இனி மறக்கமாட்டேன்.

இன்னொரு தரப்பும் உண்டு. ‘கைவேலை, கைவேலை என்று பெண் பிள்ளைகளை மூலையில் உட்கார வைத்த காலம் போய்விட்டது. திரும்பவும் ஊசியைக் கையில் கொடுக்காதீர்கள்’ என்று படித்த பெண்களே சொல்கிறார்கள். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் உம்மம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். நிறுத்திய பிறகுதான் தலையணை கைக்கு வந்தது. அந்த இழப்பை ரேந்தையின் அழகால் மூட நான் தயாரில்லை. அவர் பின்னியதைக் கோட்டைக்குள் ஒரு வியாபாரி சொற்ப விலைக்கு எடுத்து, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு விலைக்கு விற்றார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கட்டத்தாளில் புள்ளிகளை எண்ணி, இருபத்துநான்கு சோடி நூலை மனதில் வைத்து, இன்னும் நான்கு புள்ளி தாண்டி வரப்போகும் பூவுக்கு இப்போதே எந்தச் சோடியை ஒதுக்குவது என்று தீர்மானித்த மூளையை நான் என்னவென்று சொல்வது? அவரை மூலையில் உட்காரவைத்தது நூல் அல்ல. எனக்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்களில் படிப்பும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்கிறேன்.

படிப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அந்தச் சொற்ப விலை எதற்குப் போனது என்று உம்மம்மாவிடம் கேட்டேன். உம்மாவுக்குச் சப்பாத்து, கொப்பி, பிறகு சாதாரண தரத்துக்குக் கணித டியூஷன் காசு. வாப்பப்பாவின் வருமானம் சாப்பாட்டுக்கே போதாத காலம். ரேந்தை பின்னிய காசில்தான் உம்மா அந்தச் சோதினையை எழுதினார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

சுவர்ச்சீலை இப்போது எங்கள் முன்னறையில் தொங்குகிறது. கீழே ஒரு மூங்கில் கம்பு கொடுத்துச் சுருளை நிமிர்த்திவிட்டேன். வலது ஓரத்தில், அலை கரைக்கு வரும் இடத்தில், இரண்டரை அங்குலம் நுரையில்லாமல் விட்டிருக்கிறேன். அங்கே ஒட்டியிருந்த துண்டைத்தான் ஈரத் துணி வைத்து ஊறவிட்டு, வர்ணத்தோடு எப்படியோ கழற்றி எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தேன். நீலம் முழுவதும் போகவில்லை. அந்த வெற்றிடத்துக்கு நானே பின்ன வேண்டும் என்று உம்மம்மா சொல்லியிருக்கிறார். வாப்பா ஒரு பழைய தலையணையைப் பிரித்துத் தும்பு அடைத்துத் தந்தார். பீரலு கட்டைகளை வெலிகமப் பக்கம் போகும்போது தேடிப் பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் மை முடிந்த பேனைகளில் நூல் சுற்றி, ஆறே சோடியில் பழகுகிறேன். மூன்று வாரத்தில் ஓர் அங்குலம் வந்திருக்கிறது, அதுவும் கோணல்.

போன வெள்ளிக்கிழமை மாலை உம்மா வந்து பக்கத்தில் இருந்தார்.

“சோதினைக்கு இன்னம் எத்தன நாள் ஈக்கி?”

சொன்னேன். எழுந்து போகவில்லை. என் கையிலிருந்த ஒரு சோடியை வாங்கி, குறுக்கே போட்டு, முறுக்கி, அடுத்த புள்ளியில் குண்டூசியைக் குத்தினார். உம்மாவுக்குப் பின்னத் தெரியும் என்பதும் எனக்கு அதுவரைக்கும் தெரியாது.